டியூப்பின் பின்பக்கத்தில் இருக்கும் எண்

போன டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் தங்கை வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அவள் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. இரவில் அவனுக்குப் பல் தேய்த்துவிடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பெரியம்மா என்றால் கொஞ்சம் கூடுதலாகவே வாயைத் திறப்பான். மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தபோது முன்பற்கள் இரண்டிலும், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைக் கோடு. பால் ஏடு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து பிரஷ்ஷால் தேய்த்தேன். போகவில்லை. துணியால் துடைத்துவிட்டுக் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். ஈரம் காயக் காயக் கோடு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பல்லின் மற்ற இடமெல்லாம் மினுமினுக்க, அந்த இடம் மட்டும் மங்கிக் கிடந்தது.

அந்த வீட்டில் யாரும் அக்கறை இல்லாதவர்கள் கிடையாது. காலையும் இரவும் தவறாமல் தேய்த்துவிடுகிறார்கள். பிள்ளைக்கென்றே தனியாக வாங்கிய பற்பசைதான். ஸ்ட்ராபெர்ரி வாசம், மேலே சிரிக்கிற முயல் படம், பெரியவர்கள் பசையைவிட இரண்டு மடங்கு விலை. டியூப்பைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்த பொருள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன். சொத்தையைத் தடுக்கிற ஃபுளோரைடு என்ற சொல்லே அதில் இல்லை. முன்பக்கத்தில் மட்டும் 'விழுங்கினாலும் பாதுகாப்பானது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. என் தங்கை அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். சின்னப் பிள்ளை, துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவானே என்ற பயம். எந்தத் தாய்க்கும் வரக்கூடிய நியாயமான பயம்தான் அது.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த டியூப்பால்தான். பிள்ளைகளின் பற்பசையைப் படத்தையும் வாசத்தையும் வயதையும் பார்த்து வாங்குகிறோம். பல்லைக் காப்பது பின்பக்கத்தில் இருக்கிற ஓர் எண். அந்த எண்ணைப் படிக்க யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

முதலில் அந்த வெள்ளைக் கோடு என்ன என்று பார்ப்போம். நம் வீடுகளில் சொத்தையைப் 'பூச்சிப் பல்' என்போம். பல்லுக்குள் ஏதோ புழு புகுந்து குடைகிறது என்று நினைக்கத் தோன்றும். உள்ளே புகுந்து குடைகிற புழு எதுவும் இல்லை. பல்லின் மேல் படியும் வழவழப்பான படலத்தில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அவையும் சாப்பிட்டு அமிலத்தை வெளியே விடுகின்றன. வாயில் அமிலத்தன்மை ஏறி, பிஎச் அளவு ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கியதும், பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் போல ஆனதும் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களைப் பல்லுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு நாளும் நம் எல்லார் வாயிலும் இந்தக் கரைவதும் சேர்வதும் நடந்துகொண்டே இருக்கிறது. சேர்வதைவிடக் கரைவது அதிகமாகிவிட்ட இடம்தான் அந்த வெள்ளைக் கோடு. இன்னும் ஓட்டை விழவில்லை. மேற்பரப்பு அப்படியே நிற்க, அதற்கு அடியில் தாது போய்விட்டிருக்கிறது. இந்தக் கட்டத்தில் கவனித்துவிட்டால் அதை அங்கேயே நிறுத்தலாம், ஓரளவு திரும்பக் கெட்டிப்படுத்தவும் செய்யலாம். ஓட்டை விழுந்துவிட்டால் பல் தானாக வளர்ந்து அதை அடைக்காது.

ஃபுளோரைடின் வேலை இங்கேதான் வருகிறது. தேய்த்தபின் எச்சிலிலும் படலத்திலும் தங்கும் கொஞ்சம் ஃபுளோரைடு, கரைந்துபோன தாது பல்லுக்குத் திரும்பும்போது அதனுடன் சேர்ந்துகொள்கிறது. அப்படிச் சேர்ந்து உருவாகும் புதுப் பரப்பு பழையதைவிடக் கெட்டியானது. 5.5இல் கரைந்த இடம், இனி 4.5 அளவுக்கு இறங்கினால்தான் கரையும். ஆக, ஃபுளோரைடு வேலை செய்வது பல்லின் மேலே பட்டு. வயிற்றுக்குள் போவதால் பெரிய பயன் எதுவும் இல்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் அளவுக் கணக்கும், துப்புகிற கதையும் சுலபமாகப் புரியும்.

சரி, அந்த எண் என்ன? 1000. டியூப்பின் பின்பக்கத்தில் பிபிஎம் (ppm) என்ற மூன்றெழுத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்று பொருள். ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால் அது 1000 பிபிஎம். பெரியவர்களின் சாதாரணப் பற்பசையில் பெரும்பாலும் 1000 முதல் 1500 வரை இருக்கும், 1450 என்ற எண்ணை நிறையப் பார்க்கலாம். பிள்ளைகள் பசை என்ற பெயரில் கடைத்தட்டில் அடுக்கியிருப்பவற்றில் 1000 இருப்பதும் உண்டு, 500 இருப்பதும் உண்டு, ஒன்றுமே இல்லாததும் உண்டு. மூன்றின் மேலும் அதே மாதிரி முயலும் டைனோசரும்தான் சிரித்துக்கொண்டிருக்கும்.

மருத்துவ ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, வெவ்வேறு ஃபுளோரைடு செறிவுள்ள பற்பசைகளைப் பற்றி 2010இலும் 2019இலும் மதிப்பீடுகளை வெளியிட்டது. சொத்தையைத் தடுக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது 1000 பிபிஎம்மிலிருந்து மேலே உள்ளவற்றுக்குத்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. அதில் சொன்ன செறிவும் 1000 முதல் 1500 வரைதான். 500 பிபிஎம் பசை, சின்னப் பிள்ளை விழுங்கிவிடுமே என்ற கவலைக்காக வந்த சமரசம். அந்தக் கவலையைத் தீர்க்க இதைவிட நல்ல வழி இருக்கிறது: செறிவில் கை வைக்காமல் பசையின் அளவைக் குறைப்பது.

சில டியூப்களில் பிபிஎம் போட்டிருக்க மாட்டார்கள், ரசாயனப் பெயரும் விழுக்காடும் மட்டும் இருக்கும். அதற்கும் பயப்பட வேண்டாம். சோடியம் ஃபுளோரைடு 0.22 விழுக்காடு என்றிருந்தால் அது ஏறக்குறைய 1000 பிபிஎம். 0.32 என்றால் 1450. 0.11 என்றால் 500தான். சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்ற நீளமான பெயர் இருந்தால் கணக்கு வேறு, அதில் 0.76 விழுக்காடுதான் 1000க்குச் சமம். இந்த நான்கு எண்களையும் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் நின்று பார்த்து வாங்கலாம்.

இங்கே லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் நம் கடைகளுக்குப் போனால் ஊரிலிருந்து வரும் மூலிகைப் பசைகள் வரிசையாக இருக்கும். வேம்பு, கிராம்பு, கருவேலம். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அந்த வாசத்தில் நம் தாத்தா பாட்டியின் கிணற்றடி இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். குச்சியால் மென்று தேய்த்தவர்கள் ஒவ்வொரு பல்லாகப் பொறுமையாகத் தேய்த்தார்கள், அழுக்குப் படலம் போனது. ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்குப் புட்டிப் பால் குடிக்கவில்லை. காரில் போகும்போது பழச்சாறு பொட்டலத்தை உறிஞ்சவில்லை. இன்றைய வாய்க்கு மூலிகை மட்டும் போதாது. மூலிகைப் பசை பிடிக்கும் என்றால் வாங்குங்கள், அதிலும் ஃபுளோரைடு சேர்த்தவை கிடைக்கின்றன. டியூப்பைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பல்பொடியைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தரவே வேண்டாம். பொடி சொரசொரப்பு அதிகம், பால் பல்லின் எனாமலோ நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான்.

ஜப்பானியப் பொருள்கள் விற்கும் கடைகளில் ஹைட்ராக்ஸிஅபடைட் பசையும் இப்போது நிறையக் கண்ணில் படுகிறது. பல்லில் இருக்கும் தாதுவையே செயற்கையாகச் செய்து சேர்த்தது அது. பயன் உண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஃபுளோரைடுக்குப் பின்னால் பல பத்தாண்டு அனுபவமும் மலைபோல் ஆய்வுகளும் நிற்கின்றன. என் வீட்டுப் பிள்ளை என்றால் நான் ஃபுளோரைடைத்தான் எடுப்பேன்.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் தமிழர்களுக்கு அது காற்றில் கேட்ட பயம் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வட்டாரத்துப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கும். பல ஆண்டு குடித்த முதியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போவதுண்டு. அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்த மண்ணிலிருந்து வந்த ஒரு பாட்டி, "ஃபுளோரைடா? அது பல்லைக் கெடுக்கிற விஷமாச்சே!" என்று சொன்னால் அவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். அவரைத் தெரியாதவர் என்று ஒதுக்கக்கூடாது, கணக்கைக் காட்ட வேண்டும்.

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. தருமபுரிக் கிணறுகளில் சிக்கல் வந்தது அந்த எல்லையைத் தாண்டிய நீரால். சிங்கப்பூரில் 1956இல் குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கினார்கள். ஆசியாவில் மக்கள் அனைவருக்கும் இப்படிச் செய்த முதல் நாடு இதுதான். தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக இருந்த அளவைப் படிப்படியாகக் குறைத்து, இப்போது லிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராமில் வைத்திருக்கிறார்கள். எல்லையில் மூன்றில் ஒரு பங்கு.

இப்போது பற்பசையையும் சேர்த்துப் பார்ப்போம். இரண்டு வயதுப் பிள்ளை நாளுக்கு ஒரு லிட்டர் குழாய்நீர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அரை மில்லிகிராம். 1000 பிபிஎம் பசையை ஓர் அரிசி அளவு வைத்தால் அது ஏறக்குறைய 0.1 கிராம், அதில் ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம். காலையும் இரவும் துப்பாமல் மொத்தத்தையும் விழுங்கினாலும் 0.2தான். கூட்டினால் 0.7. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு 1.3 மில்லிகிராம் வரை என்பது அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் வைத்த மேல் எல்லை. நாம் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கிறோம். அதே பசையை விளம்பரத்தில் வருவது போல பிரஷ்ஷின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அலை அலையாகப் பிழிந்தால் ஏறக்குறைய ஒரு கிராம் வரும். இரண்டு வேளையும் விழுங்கினால் 2 மில்லிகிராம். எல்லை அங்கேயே போய்விட்டது. முன்பக்கத்து நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் நாள்தோறும் இப்படி அதிகம் உள்ளே போனால், ஏழு வயதில் முளைக்கும் பல்லில் வெண்புள்ளிகள் வரலாம். பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும், பல்லின் வலுவைக் கெடுக்காது. ஆனாலும் தவிர்க்கக்கூடியதை ஏன் வரவழைக்க வேண்டும்?

எனவே மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு. பொன்னி அரிசி ஒரு மணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நீளமான பாசுமதியை அல்ல. முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்தே இது தொடங்கலாம். மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, அதாவது கால் கிராம். வைத்த பசையை விரலால் பிரஷ்ஷின் முடிக்குள் அழுத்திவிடுங்கள். மேலாக நின்றால் பிள்ளை முதல் வாயிலேயே நக்கிவிடும். அப்புறம் தேய்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. பசையைப் பிழிவது எப்போதும் பெரியவர் கையாக இருக்கட்டும், டியூப் உயரத்தில் இருக்கட்டும். இனிப்பு வாசம் என்பதால் மிட்டாய் போலச் சாப்பிடும் பிள்ளைகள் உண்டு. பத்து கிலோ எடையுள்ள பிள்ளை 1000 பிபிஎம் பசையில் 50 கிராம் டியூப் முழுவதையும் தின்றுவிட்டால், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அளவு அது. ஓர் அரிசிக்கும் ஒரு டியூப்புக்கும் நடுவே ஐந்நூறு மடங்கு இடைவெளி இருக்கிறது.

பெரியவர்கள் பசையையே பிள்ளைக்கும் அதே அரிசி அளவில் வைக்கலாமா என்று தங்கை கேட்டாள். 1450 பிபிஎம் என்றாலும் ஓர் அரிசி அளவில் 0.15 மில்லிகிராம்தான் வரும், அதனால் கணக்கு இடிக்காது. இடிப்பது பிள்ளையின் நாக்கு. "பெரியம்மா, காரமா இருக்கு!" புதினா பசையை முதல் முறை வைத்தபோது அவன் கத்திய சத்தம் தாழ்வாரம் வரை கேட்டிருக்கும். பிள்ளைகள் பசையின் உண்மையான பயன் இதுதான்: காரம் இல்லாத சுவை. 1000 பிபிஎம் இருந்து, காரம் குறைந்து, நுரையும் அதிகம் பொங்காத ஒன்றைத் தேடினால் சாதாரணப் பேரங்காடியிலேயே கிடைக்கிறது. விலையும் அந்த முயல் டியூப்பில் பாதிதான்.

பசை சரியாகிவிட்டால் போதுமா? போதாது. யார் கை தேய்க்கிறது என்பது அதே அளவுக்கு முக்கியம். மூன்று வயதில் பிள்ளை "நானே, நானே" என்று பிரஷ்ஷைப் பிடுங்கும். அந்த ஆசையைக் கெடுக்க வேண்டாம், முதல் முறை அவன் தேய்க்கட்டும், இரண்டாம் முறை நீங்கள். காலணிக் கயிற்றைத் தானே கட்டவும், எழுத்தைக் கோட்டுக்குள் எழுதவும் வராத கைக்கு, கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தைத் தேய்க்க வராது. ஏழெட்டு வயது வரைக்கும் பெரியவர் கை வேண்டும். தொடக்கப்பள்ளிக்குப் போயாகிவிட்டது, இனி அவனே பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடும் வீடுகள் நிறைய. நான் பார்த்த வரையில் அந்த ஆண்டில்தான் பின்பற்கள் கெடத் தொடங்குகின்றன.

தேய்க்க உட்காரும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீவக அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் கழுவுதொட்டி முன்னால் நிற்கவைத்து நேருக்கு நேர் குனிந்து தேய்த்தால் மேல்வரிசை உங்களுக்குத் தெரியவே தெரியாது. கூடத்திலோ படுக்கையிலோ நீங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில் வைத்து, அவன் கால் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நீளும்படி படுக்க வையுங்கள். ஊரில் பாட்டிமார் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போது மடியில் போட்டுக்கொள்வார்களே, அது போல. இப்போது வாய் முழுவதும் வெளிச்சத்தில் தெரியும். ஒரு கை விரலால் கன்னத்தை ஒதுக்கிக்கொண்டு, பிரஷ் முடி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக. அழுத்தம் வேண்டாம். மேலுதட்டைத் தூக்கி ஈறோரம் தேய்ப்பதை மறக்கக்கூடாது, வெள்ளைக் கோடு முதலில் வருவது அங்கேதான். மொத்தம் இரண்டு நிமிடம். ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைக்கும் கணக்குத் தெரியும்.

ஒரு வேளை தவறினால் காலை தவறட்டும், இரவு தவறக்கூடாது. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அமிலத்தைத் தணிக்கவும் தாதுவைத் திருப்பிக் கொடுக்கவும் வாயில் ஆளே இருக்காது. அந்த நேரத்தில் பால் வாயில் தேங்கி நின்றால் விடிய விடிய கரைசல்தான். என் தங்கை மகனுக்கு முன்பற்கள் மட்டும் பாதிக்கப்பட்டதற்குக் காரணம் இதுவும்கூட. இரவில் பல் தேய்த்தபின் அவனுக்கு ஒரு புட்டி பால் கொடுத்துத் தூங்கவைப்பது என் அம்மாவின் வழக்கம். "வெறும் வயித்தோட எப்படிம்மா தூங்குவான்?" என்று என்னிடம் கேட்டார். அன்புதான். பாலை நிறுத்தச் சொல்லவில்லை, வரிசையை மாற்றினோம்: முதலில் பால், பிறகு பல், அப்புறம் படுக்கை. இடையில் தாகம் என்றால் தண்ணீர். முதல் மூன்று இரவு அழுதான், நான்காம் இரவு மறந்துவிட்டான். வீட்டில் பணிப்பெண் பிள்ளையைப் படுக்கவைக்கிறார் என்றால் அவரிடமும் இதை உட்கார்ந்து சொல்ல வேண்டும், ஒரு தடவை செய்தும் காட்ட வேண்டும்.

கொப்பளிப்பதில் நம் பழக்கம் பலமானது. தேய்த்து முடித்ததும் நான்கைந்து முறை தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால்தான் நமக்குத் திருப்தி. பல்லின் மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் வேண்டாம். துப்பத் தெரியாத பிள்ளைக்கு வாயோரத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். அரிசி அளவுக்குத்தான் வைத்திருக்கிறோம், கொஞ்சம் உள்ளே போனால் ஒன்றும் ஆகாது என்று கணக்கும் போட்டுவிட்டோம். என் அம்மாவுக்கு இது இன்னும் ஒப்பவில்லை. வாய் கழுவாமல் எழுந்திருப்பது அவருக்கு அருவருப்பு. பேரனுக்காகப் பொறுத்துக்கொள்கிறார்.

"பால் பல்லுதானே, விழுந்துடப் போகுது" என்ற பேச்சையும் அவரிடம்தான் கேட்டேன். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், உண்மைதான். பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். பிள்ளை சோறு மெல்வது அவற்றால்தான். கீழிருந்து வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான். சொத்தையால் ஒன்றை முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பால் பல்லில் எனாமல் மெலிதாக இருப்பதால் ஓட்டை விழுந்த சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும். பல பற்கள் கெட்டுவிட்ட மூன்று வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து வைத்தியம் பார்க்க முடியாமல், முழு மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டிய நிலை வருவதுண்டு. அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு அது சின்ன விஷயமாக இருக்காது.

2009இல் வெளியான ஓர் ஆய்வு சிங்கப்பூரில் மூன்றிலிருந்து ஆறு வயது வரையிலான பாலர் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்குச் சொத்தை இருந்தது. குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்த்து அரை நூற்றாண்டு ஆன நாட்டில் இந்த நிலை. கெட்டுப்போன பற்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்த வைத்தியமும் நடக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு அது புரிகிறது. இங்கே தொடக்கப்பள்ளியில் சேர்ந்த பிறகு பள்ளிப் பல் மருத்துவச் சேவை பிள்ளையைத் தேடி வரும். பள்ளியிலேயே மருந்தகம் இருக்கும், அல்லது வண்டி வந்து நிற்கும். வகுப்பிலிருந்து கூட்டிப்போய்ப் பார்த்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது தொடங்குவது ஏழு வயதில். பால் பல் முளைக்கும் ஆறு மாதத்திலிருந்து அந்த ஏழு வயது வரை, பல் பெரும்பாலும் வீட்டின் பொறுப்பு. தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகத்துக்கு நாள் தவறாமல் போகிற நாம், முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை ஏனோ எடுத்துக்கொள்வதே இல்லை. வலி வந்த பிறகு போகிறோம், பிள்ளைக்குப் பல் மருத்துவர் என்றாலே பயம் பிடித்துவிடுகிறது.

தண்ணீர் வடிகட்டி பற்றி ஒரு சொல். எதிர் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) முறையில் வடிகட்டும் இயந்திரம் வீட்டில் இருந்தால் அது ஃபுளோரைடின் பெரும்பகுதியை எடுத்துவிடும். கொதிக்கவைப்பதால் போகாது. அப்படிப்பட்ட இயந்திரம் உள்ள வீடுகளில் சரியான பற்பசைக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

தங்கை மகனை ஜனவரியில் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ஓட்டை இல்லை, இப்போதைக்குத் துளைக்க வேண்டாம் என்றார். பற்களைத் துடைத்துக் காயவைத்து, மஞ்சளான பிசின் போன்ற ஃபுளோரைடு வார்னிஷைச் சின்னத் தூரிகையால் பூசினார். அது 22,600 பிபிஎம். ஆனால் மொத்த வாய்க்கும் பூசுவது ஒரு சில துளிதான், பல்லில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல விடும். அன்றிரவு மட்டும் பல் தேய்க்க வேண்டாம், கடினமாக எதுவும் கடிக்க வேண்டாம் என்றார். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். ஏப்ரலில் போனபோது கோடு மறைந்துவிடவில்லை. ஆனால் சுண்ணாம்பு போல இருந்தது வழவழப்பாகி, கொஞ்சம் மினுமினுப்பும் வந்திருந்தது. கரைவது நின்று கெட்டிப்படுகிறது என்பதற்கு அடையாளம் அதுதானாம். துப்பவும் பழகிவிட்டதால், அரிசி அளவு போய் இப்போது பட்டாணி அளவு.

அவனுடைய அக்காவுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. பால் பல் ஒன்றுகூட இன்னும் ஆடவில்லை. தங்கையிடம் நான் இப்போது சொல்லிக்கொண்டிருப்பது அவளைப் பற்றித்தான். ஆறு வயதையொட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலும் கீழும் இருபக்கமுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் சத்தமில்லாமல் முளைக்கும். அவற்றுக்கு இடம் விட எந்தப் பல்லும் விழுவதில்லை, அதனால் பிள்ளையும் சொல்லாது, நமக்கும் தெரியாது. இதுவும் பால் பல்தான் என்று நினைத்துவிடுவோம். அவைதான் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய முதல் பற்கள். பாதி ஈறுக்குள்ளும் பாதி வெளியிலுமாக மற்றப் பற்களைவிடத் தாழ்வாக நிற்பதால், நேராகத் தேய்க்கும் பிரஷ் அவற்றைத் தொடாமல் மேலாகவே போய்விடும். வாயோரத்திலிருந்து பிரஷ்ஷைக் குறுக்கே திருப்பி உள்ளே விட்டு, அந்தப் பல்லின் பள்ளங்களை மட்டும் தனியாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மடியில் படுக்கவைத்து, கைபேசி விளக்கை அடித்து, அந்த நான்கு மூலைகளையும் தங்கை பார்க்கிறாள். போன வாரம் இடப்பக்கம் கீழே ஒரு வெள்ளை முனை தெரிந்ததாம்.